மூச்சு வாங்கும் பழைய மோட்டார்
எஞ்சினை இறக்குமுன் அறியவேண்டியவை

வயது சென்ற ஒருவருக்கு மாடிப்படி ஏறும்போது இளைப்பு உண்டானால், அக்கணமே கத்தியை எடுக்கும் வைத்தியர் எவருமிலர். அவர் நாடி பார்ப்பார். நெஞ்சிலே குழாயை வைத்துக் கேட்பார். குறை இருதயத்திலோ சுவாசப்பையிலோ இரத்தத்திலோ என்று தெரிந்த பின்னரே மருந்து எழுதுவார். ஆனால் வயது சென்ற மோட்டார்க் கார் ஒன்று ஏற்றத்தில் இளைக்கத் தொடங்கினால், “எஞ்சின் முடிந்துவிட்டது, இறக்கிச் செய்யவேண்டும்” என்ற தீர்ப்பு ஒரே வாக்கியத்தில் வந்துவிடுவதுண்டு. அந்த ஒரு வாக்கியம் ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை விழுங்கவல்லது.

நம் நாட்டில் இது சிறிய விடயமன்று. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டிலேதான் சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு வழி மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டு காலமும் உள்ள வண்டியைப் பேணி ஓட்டுவதையன்றி வேறு வழியிருக்கவில்லை. அவ்வாறு ஓடித் தேய்ந்த வண்டிகளுள் உண்மையில் எஞ்சின் செய்யவேண்டியவையும் உண்டு. அரை மணி நேர வேலையோடு தேறிவிடக் கூடியவையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதற்கு எளிய சோதனைகள் சில இருக்கின்றன. அவற்றை ஒழுங்குமுறையிற் செய்து, எண்களைக் கையில் வைத்துக்கொண்டே செலவைப் பற்றிப் பேசவேண்டும் என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது.

அமுக்கம் என்பது யாது?

நிக்கொலாஸ் ஒட்டோ என்ற ஜெர்மானியர் 1876 ஆம் ஆண்டில் இயக்கிக் காட்டிய நாலடி எஞ்சினே இன்றைய பெற்றோல் எஞ்சின்களின் மூதாதை. அதில் பிஸ்டன் நான்கு முறை ஓடுகின்றது. முதல் ஓட்டத்தில் காற்றும் பெற்றோல் ஆவியும் சிலிண்டருள் உறிஞ்சப்படுகின்றன. இரண்டாவதில் அக்கலவை நெருக்கப்படுகின்றது. மூன்றாவதில் பிளக் தீப்பொறி விட, கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ளுகின்றது. நான்காவதில் புகை வெளியேறுகின்றது. இவற்றுள் இரண்டாவது ஓட்டத்தில் உண்டாகும் அமுக்கத்தையே மெக்கானிக்குகள் ‘கொம்பிறெஷன்’ என்பர்.

நம் வீதிகளில் நன்கறியப்பட்ட மொறிஸ் மைனரை உதாரணமாகக் கொள்வோம். 1956 ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000 காரின் எஞ்சின் 948 கன சென்ரிமீற்றர் கொண்டது, நான்கு சிலிண்டர், ஒன்றுக்கு 237. பிஸ்டன் மேலே ஏறி முடிந்ததும் எஞ்சும் இடம் ஏறத்தாழ 32 கன சென்ரிமீற்றர் மாத்திரமே. பெரிய தேநீர்க் கோப்பை ஒன்றை நிரப்பும் காற்று, இரண்டு மேசைக்கரண்டி கொள்ளும் இடத்தில் அடைபடுகின்றது. இதனையே 8.3க்கு 1 என்ற நெருக்கல் விகிதமாகக் கைந்நூல்கள் குறிப்பிடும்.

விஞ்ஞான மாணவர்கள் இங்கே ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். 1662 ஆம் ஆண்டில் றொபேட் பொயில் வெளியிட்ட விதிப்படி, கனவளவு எட்டிலொன்றாகக் குறைந்தால் அமுக்கம் எட்டு மடங்காகும். வளிமண்டல அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல். அதனை 8.3 ஆற் பெருக்கினால் 122. அமுக்கமானி வளிமண்டலத்துக்கு மேற்பட்டதையே காட்டுமாதலால் 107. ஆயினும் நல்ல எஞ்சினில் மானி இதனினும் கூடக் காட்டும். நெருக்கப்படும் காற்று சூடேறுவதே காரணம். வெப்பநிலை மாறாதவிடத்தே பொயிலின் விதி பொருந்தும் என்று பாடநூல் கூறுவதன் பொருள் கராஜிலே இவ்வாறு கண்ணுக்குத் தெரிகின்றது.

இவ்வமுக்கம் தப்பிச் செல்லக்கூடிய வழிகள் மூன்றே. கீழே, பிஸ்டனைச் சுற்றியுள்ள றிங்குகளுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையால் இறங்கலாம். மேலே, சரியாக மூடாத வால்வுகளின் ஊடாகப் போகலாம். நடுவே, எஞ்சின் உடலுக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள கஸ்கற் பழுதுபட்டு வழி விடலாம். அமுக்கம் குறைந்துள்ளது என்று கூறுவது நோயின் பெயரன்று. காய்ச்சல் இருக்கிறது என்று கூறுவது போன்றதே. எந்த வழியாற் போகின்றது என்பதே கேள்வி.

நெடுந்தூரம் ஓடியபின்

மைனரின் எஞ்சின் நான்காவது கியரில் ஒரு மைல் ஓடுவதற்கு ஏறத்தாழ 4,000 முறை சுழல்கின்றது. ஓர் இலட்சம் மைல் ஓடிய வண்டியில் அது 40 கோடிச் சுற்றாகும். ஒவ்வொரு சிலிண்டரும் 20 கோடித் தடவை காற்றை நெருக்கியிருக்கும். பழைய கார்கள் பலவற்றின் மைல்மானி ஐந்து இலக்கமே கொண்டதாதலால், 99,999 ஐத் தாண்டியதும் மீண்டும் பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்கும். ஆகவே மானி காட்டும் 30,000 மைல், உண்மையில் 1,30,000 ஆகவோ 2,30,000 ஆகவோ இருத்தல் கூடும்.

தேய்வும் எங்கும் ஒரே அளவினதன்று. சிலிண்டரின் மேற்பாகத்திலேதான் வெப்பமும் அமுக்கமும் மிகுதி. ஒயில் சென்று சேர்வதோ குறைவு. எனவே அங்கேயே சுவர் அதிகம் தேய்கின்றது. றிங் எட்டாத உச்சியில் தேயாத ஒரு விளிம்பு மேடாக நிற்கும். ஹெட்டைக் கழற்றியவர் விரல் நகத்தால் அம்மேட்டைத் தடவிப் பார்த்தே தேய்வின் ஆழத்தை மதிப்பிடுவர்.

யாழ்ப்பாணத்து வண்டிகளுக்கு இதற்கு மேலும் ஒரு வரலாறு உண்டு. 1990 ஆம் ஆண்டு முதல் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடையாதுபோன காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலிற் சில துளி விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நோயாளரையும் பிள்ளைகளையும் ஏற்றிச் சென்றன. நெருக்கல் விகிதம் குறைந்த அப்பழைய எஞ்சின்களுக்கே அது இயன்றது. ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சியது சிலிண்டர்ச் சுவரின் ஒயிற் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, ஒயிலையும் நீர்க்கச் செய்தது. றிங்கும் சுவரும் விரைவிற் தேய்வதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுவதில்லை.

மற்றொரு மாற்றம் 2002 ஆம் ஆண்டில் நேர்ந்தது. அவ்வாண்டிலே இலங்கையில் ஈயங் கலந்த பெற்றோல் விற்பனை நிறுத்தப்பட்டது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் பெருந்தீங்கு செய்வதாகையால் அது நல்ல முடிவே. எனினும் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில், புகை வால்வு அமரும் பீடத்தை அந்த ஈயமே தேயாது காத்து வந்தது. பாதுகாப்பு நீங்கியதும், கடினப்படுத்தப்படாத பீடம் சிறிது சிறிதாகக் குழிகின்றது. வால்வு மேல்நோக்கிப் புதைகின்றது. அதன் தண்டு உயர்ந்து றொக்கரை நெருங்குகின்றது. முடிவில் வால்வு முற்றாக மூட இயலாதுபோய், அமுக்கம் கசிகின்றது.

முதலில் நீக்கவேண்டிய ஐயங்கள்

இழுவைக் குறைவெல்லாம் அமுக்கக் குறைவன்று. பிளக்கிற் கரி படிந்திருக்கலாம். தீப்பொறி விடும் நேரம் பிசகியிருக்கலாம். காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம். பிறேக் ஒன்று விடாது பிடித்துக்கொண்டிருந்தாலும் வண்டி இழுக்காது. எஞ்சின் வேகமெடுத்தும் வண்டி வேகமெடாதிருந்தால் கிளச் வழுக்குகின்றது என்று அறியலாம். இவற்றையெல்லாம் முன்னரே பார்த்துவிடுதல் வேண்டும்.

அடுத்துப் பார்க்கவேண்டியது டப்பற் இடைவெளி. மேற்கூறிய மைனர் எஞ்சினில், குளிர்ந்த நிலையில், அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. பீலர் கேஜ் எனும் மெல்லிய தகட்டை இடையிற் செலுத்தி அளப்பர். தகடு நுழையாவிட்டால் வால்வு முழுதாக மூடவில்லை என்பதே பொருள். இதனைச் சரிசெய்ய ஒரு ஸ்பானரும் திருகாணிச் செலுத்தியும் போதும். இதைப் பாராது எஞ்சினை இறக்குவது, கதவின் தாழ்ப்பாளைப் பாராது வீட்டைக் கட்டவிழ்ப்பதை ஒக்கும்.

முன்புறத்தில் ஹாண்டில் மாட்டிச் சுழற்றக்கூடிய பழைய வண்டிகளில், கருவி எதுவுமின்றியே முதற் சோதனையைச் செய்யலாம். சுவிச்சை நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்து, ஹாண்டிலை மெல்லச் சுழற்றவேண்டும். ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் ஒரு சிலிண்டர் கையை எதிர்த்துத் தள்ளும். நான்கும் ஒரேயளவு எதிர்த்தால் நன்று. ஒன்று மாத்திரம் தளர்ந்து வழிவிட்டால் குறை அந்த ஒன்றில் இருக்கின்றது. பெருவிரலையும் மற்றை விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடிப்பது பழையவர்களின் வழக்கம். ஹாண்டில் திருப்பி அடித்தால் விரல் முறியாதிருக்கவே அவ்வாறு பிடித்தனர்.

அமுக்கமானி வைத்துப் பார்த்தல்

இனி அளவுகோலுக்கு வருவோம். அமுக்கமானி சிறிய கருவி. பெரும்பாலான கராஜ்களில் உண்டு. சோதனையிலும் பார்க்க அதற்கான ஆயத்தமே முக்கியமானது.

எஞ்சினைச் சிறிது ஓட்டிச் சூடேற்றுக. பற்றறி முழு வலுவுடன் இருத்தல் வேண்டும். நான்கு பிளக்குகளையும் கழற்றுக. கொயிலுக்குச் செல்லும் மெல்லிய வயரை எடுத்துவிடுக; பிளக் துவாரங்களால் பெற்றோல் ஆவி வெளிவருமாதலால் அருகே தீப்பொறியோ சிகரெட்டோ ஆகாது. ஒருவர் உள்ளிருந்து அக்சிலறேற்றரை முற்றாக மிதித்திருக்க, மற்றவர் மானியை ஒரு துவாரத்திற் பொருத்த, ஸ்ராட்டரால் எஞ்சினைச் சுழற்றுக. ஆறு முறை நெருக்கம் விழும்வரை விட்டு எண்ணைக் குறித்துக்கொள்க. முதல் நெருக்கத்தில் முள் எவ்வளவு ஏறியது என்பதையும் தனியே எழுதுக. இவ்வாறே நான்கையும், ஒரே எண்ணிக்கைப்படி, பார்க்கவேண்டும்.

அக்சிலறேற்றரை மிதியாதுவிட்டால் எஞ்சினுக்குக் காற்றே போதாது. நல்ல எஞ்சினும் நோயாளியெனத் தோன்றும். பற்றறி தளர்ந்திருந்தாலும் அவ்வாறே. நான்கு சிலிண்டர்களும் ஒருமிக்கக் குறைவாகக் காட்டினால், எஞ்சினை ஐயுறுமுன் இவ்விரண்டையும் ஐயுறுக.

ஊரின் உயரமும் கணக்கில் வரவேண்டும். நுவரெலியா கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அமுக்கம் கொழும்பிலுள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. கொழும்பில் 140 இறாத்தல் காட்டும் எஞ்சின் நுவரெலியாவில் 110க்குச் சற்று மேலேதான் காட்டும். அது எஞ்சினின் குற்றமன்று.

எண்கள் சொல்லும் செய்தி

முழு அளவிலும் பார்க்க, ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசமே அதிகம் பேசும். மிகத் தாழ்ந்த எண், மிக உயர்ந்த எண்ணின் நூற்றுக்கு 75 பங்குக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பது பொது விதி. ஓர் உதாரணம் கொள்வோம். சிலிண்டர்கள் முறையே 138, 134, 92, 136 காட்டுகின்றன. 138இன் முக்காற்பங்கு 103. மூன்றாவது அதற்குக் கீழ். ஆகவே மூன்று சிலிண்டர்கள் நலம், ஒன்றே நோயுற்றது. எஞ்சின் முழுவதும் முடிந்துவிட்டது என்ற தீர்ப்பு இங்கே பொருந்தாது.

முதல் நெருக்கத்திற் தாழ்ந்திருந்து, பின்பு படிப்படியாக ஏறினால் றிங் தேய்வை நினைக்கலாம். முதலிலும் தாழ்ந்து, பின்னரும் ஏறாது நின்றால் வால்வை நினைக்கலாம். அடுத்தடுத்துள்ள இரண்டு சிலிண்டர்கள் மாத்திரம் தாழ்ந்திருந்தால், அவற்றுக்கிடையே கஸ்கற் எரிந்திருத்தல் கூடும். நான்கும் சீராகத் தாழ்ந்திருந்தால் பொதுவான தேய்வு. அல்லது வால்வுகளை இயக்கும் சங்கிலி பிசகியதாகவும் இருக்கலாம். எதிர்பார்த்ததிலும் உயர்ந்திருந்தால், உள்ளே கரி படிந்து இடம் சுருங்கியிருக்கின்றது.

ஒரு கரண்டி ஒயில்

இப்போது நோயுற்ற சிலிண்டருக்கு மாத்திரம் அடுத்த சோதனை. பிளக் துவாரத்தினூடாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, சில சுற்றுச் சுழற்றி, மீண்டும் மானியை வைக்கவேண்டும். ஒயில் பிஸ்டனின் ஓரத்தில் நின்று, றிங்கின் இடுக்கைச் சிறிது நேரம் அடைத்துக்கொள்ளும். 92 காட்டிய சிலிண்டர் இப்போது 128 காட்டினால் கசிவு கீழ்வழியால். றிங்கும் சுவரும் தேய்ந்துள்ளன. 95இலேயே நின்றுவிட்டால் வழி மேலே. வால்வு அல்லது கஸ்கற். ஒயிலை அதிகம் விடலாகாது. அது உள்ளிடத்தையே குறைத்து, எண்ணைப் பொய்யாக உயர்த்திவிடும்.

காற்றைச் செலுத்திக் கேட்டல்

மூன்றாவது சோதனையே வைத்தியரின் குழாய்க்கு நிகரானது. சோதிக்கவேண்டிய சிலிண்டரின் பிஸ்டனை நெருக்க ஓட்டத்தின் உச்சியில் நிறுத்தினால் இரு வால்வுகளும் மூடியிருக்கும். பழைய பிளக் ஒன்றின் உடலைக் குடைந்து செய்த இணைப்பின் மூலம், டயருக்குக் காற்றடிக்கும் யந்திரத்திலிருந்து காற்றை உள்ளே செலுத்தவேண்டும். பிஸ்டன் உச்சியிலிருந்து சற்று விலகியிருந்தாலும் எஞ்சின் திடீரெனச் சுழலும். ஆகையால் ஹாண்டிலையோ ஸ்பானரையோ மாட்டியபடி விடலாகாது. கையும் உடையும் காற்றாடியருகே செல்லலாகாது.

பின்னர் செவிகொடுத்துக் கேட்கவேண்டும். காபறேற்றரிற் சீறினால் உள்வாங்கும் வால்வு. சைலென்சர்க் குழாயின் முனையிற் சீறினால் புகை வால்வு. ஒயில் ஊற்றும் வாயில் சீறினால் றிங். பக்கத்துப் பிளக் துவாரத்திற் காற்று வந்தால் இடையிலுள்ள கஸ்கற். சூடு தணிந்தபின் திறந்த றேடியேற்றர் நீரிற் குமிழி எழுந்தால் கஸ்கற் நீர்வழிப் பக்கம் திறந்திருக்கின்றது. அன்றேல் ஹெட் வெடித்திருக்கின்றது. றிங் வழியே சிறு சீற்றம் எந்த நல்ல எஞ்சினிலும் இருக்கும், அதுகண்டு அஞ்சவேண்டியதில்லை. வால்வு வழியே கேட்கும் சீற்றமே பொருட்படுத்தத் தக்கது.

டீசல் வண்டியுடையோருக்கு

டீசல் எஞ்சினில் பிளக் தீப்பொறி இல்லை. நெருக்கத்தாற் பிறக்கும் வெப்பமே எண்ணெயைப் பற்றவைக்கின்றது. ஆகையால் அமுக்கம் குறைந்தால், இழுவை குறைவதோடு நில்லாது, காலையில் எழும்பவே மறுக்கும். அதன் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 400 இறாத்தல் அளவிலானது. பெற்றோல் எஞ்சினுக்குரிய மானியை அதில் வைத்தலாகாது. ஒயில் விட்டுப் பார்க்கும் சோதனையையும் டீசலிற் செய்யலாகாது. அங்கே எஞ்சும் இடம் மிகச் சிறிதாகையால் எண் பொய்யாவதோடு, எஞ்சினுக்கும் சேதம் நேரலாம். இது பழக்கமுள்ள மெக்கானிக்கின் கையில் விடவேண்டிய வேலை.

செலவுக்கு உடன்படுமுன்

நோயின் இடம் தெரிந்தால் மருந்தின் அளவும் தெரியும். டப்பற் இடைவெளி பிழையெனின் அரை மணி வேலை. கஸ்கற் எனின், ஹெட்டைக் கழற்றி, அதன் முகம் நேராக உள்ளதா என்று பார்த்துப் புதியது இடுதல். வால்வு எனின், ஹெட்டை மாத்திரம் கழற்றி வால்வுகளை அரைத்தல். பீடம் குழிந்திருந்தால் கடின உருக்குப் பீடம் பொருத்துதல். இது செய்தால் ஈயமற்ற பெற்றோலுக்கும் அஞ்சவேண்டியதில்லை. சுவர் தேய்ந்திருந்தால் மாத்திரமே எஞ்சினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து, பெரிய அளவுப் பிஸ்டன் இடும் பெருஞ்செலவு. ஒன்று சொல்லவேண்டும்: தேய்ந்த சுவருள்ள எஞ்சினுக்கு வால்வுகளை மாத்திரம் புதுக்கினால், மேல்வழி அடைபட்ட அமுக்கம் கீழ்வழியை நாட, ஒயிற் செலவு முன்னிலும் கூடுவதுண்டு. இரு பக்கமும் சோதிக்கவேண்டும் என்பதற்கு இதுவும் காரணம்.

மாதக்கணக்காக ஓடாது நின்ற வண்டிக்கு உடனே தீர்ப்பெழுதலும் தகாது. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் அவ்வாறு நின்ற வண்டிகள் பல. றிங்குகள் கரியோடு ஒட்டிக்கொண்டு, தேயாமலே தேய்ந்தது போலக் காட்டும். துவாரங்களினூடாகச் சிறிது ஒயில் விட்டு இரண்டொரு நாள் ஊறவைத்து, முதலில் பிளக் இல்லாமற் சுழற்றி மிகுந்த ஒயிலை வெளியேற்றி, பின்பு இருநூறு மைல் அளவு ஓட்டி, மறுபடி மானி வைத்துப் பார்க்கவேண்டும். எண்கள் ஏறியிருந்தால் ஒரு பெருஞ்செலவு தப்பியது.

கார் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாம் கூற விரும்புவது ஒன்றே. ஆண்டுக்கு ஒருமுறை நான்கு சிலிண்டர்களின் எண்களையும், அன்றைய மைல் கணக்கோடு, ஒரு சிறு கொப்பியில் எழுதி வையுங்கள். தேய்வு எந்த வேகத்தில் வருகின்றது என்பதை அக்கொப்பி காட்டும். எஞ்சினை இறக்கவேண்டும் என்று கூறப்படுமிடத்து, கோபமின்றி, மரியாதையோடு, மூன்று கேள்விகள் கேளுங்கள்: எண்கள் எவை? ஒயில் விட்டபின் எவ்வளவு? காற்று எங்கே சீறியது? திறமையுள்ள மெக்கானிக் இக்கேள்விகளால் மனம் நோகார், மகிழ்வார். விடை சொல்ல இயலாத இடத்தில், எஞ்சினைக் கழற்ற விடாது, வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிடுங்கள்.